புதுப்பிப்பு: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய பயம்

மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிக்காமலே போய்விடுவேனோ என்று தூக்கமின்றித் தவிப்பதாக எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிச் சிறிதாக்கும்) அறுவை சிகிச்சை முடிந்து இன்று 10ஆம் நாள், நலமாக இருக்கிறேன்.

கைகொடுத்தது, பயங்களைக் கேள்விகளாக எழுதி மயக்க மருந்து மருத்துவரிடமே கேட்கச் சொன்ன யோசனைதான். 9 கேள்விகள். சிகிச்சை முடியும்வரை பக்கத்திலேயே இருந்து மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனிப்பேன் என்று அவர் சொன்னதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. மூச்சுப் பயிற்சி முந்தைய இரவு உதவவில்லை; ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது உதவியது. 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விட்டேன்.

எதிர்பாராதது தோள்பட்டை வலி. இதயத்தில்தான் ஏதோ என்று பதறிப்போய்ச் செவிலியரை அழைத்தேன். லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளைகள் வழியே அறுவை செய்வதற்காக, வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையை) உறுத்துவதால் வருவதாம். மெல்ல நடக்க நடக்க 3ஆம் நாள் விட்டது.