மறு: மணமூட்டலா, வாடையேற்றலா? (வளர்ப்புப் பாம்பு – இரைச் சொற்கள்)

அக்கா, குழுவுல எல்லாருக்கும் வணக்கம். பாம்பு வளக்கறவங்களுக்காக நாம சேக்கற தமிழ்ச் சொல் பட்டியல்ல, பாம்பு தொடாத இரைமேல அது பழகின இரையோட வாடைய ஏத்தற முறைக்கு என்ன பேரு வைக்கலாம்னு அக்கா எழுதினதுக்கு பதில் இது.

> பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்ற மொழி நம்மளது. அதனால "மணமூட்டல்"ங்கறது பொருத்தமா இருக்கும்னு நினைக்கிறேன்.

பழமொழி ரொம்ப அழகா பொருந்துது அக்கா, செய்யற வேலையும் கிட்டத்தட்ட அதேதான், ஒன்னோட வாசம் இன்னொன்னுல ஏறணும். ஆனா இந்த சொல்லுக்கு எதிரா நான் இவ்வளவு நீளமா எழுத ஒரு காரணம் இருக்கு. போன வாரம் ஒரு தம்பி எனக்கு தனியா எழுதி "அண்ணா, மணமூட்டல்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு என்ன வாசனைய வாங்கணும்"னு கேட்டார். அவர் மேல தப்பே இல்ல. மணம்னா நமக்கு மல்லி, சந்தனம், ரசத்துல தாளிப்பு. பாம்புக்கு வேண்டியது அது எதுவும் இல்ல, அது நேத்து வரைக்கும் தின்ன இரையோட வாடை. சொல்லப் பாத்தவுடனே கை எங்க போகணும்னு தெரியணும், இங்க கை வாசனை பாட்டிலுக்குப் போகுது.

பாம்பு வளக்காதவங்களுக்காக விஷயத்த சொல்லிடறேன். எங்க வீட்ல (லண்டன்) பையன் ஆசைப்பட்டு ஒரு கார்ன் ஸ்நேக் குட்டி வாங்கினோம், 9 கிராம் இருந்துச்சு, சுருளின்னு பேரு. ஊர்ல இருக்கறவங்க இத படிச்சுட்டு சாரைக்குட்டி எதையாச்சும் புடிச்சு டப்பால போட்டுடாதீங்க, இந்தியாவோட 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி அது குற்றம். கார்ன் ஸ்நேக் தென்கிழக்கு அமெரிக்காவோடது, விஷம் கிடையாது, வளந்தா ஒரு மீட்டருக்கு மேல போகும். காட்டுல அதோட குஞ்சுங்க சின்ன பல்லி, மரத்தவளைன்னு புடிச்சு தின்னும், வீட்ல நாம ஃப்ரீசர்ல வச்ச சுண்டெலிக் குட்டி குடுக்கறோம். பொறந்த ஓரிரு நாள் குட்டி, மயிரே இருக்காது, ஒன்னு ரெண்டு கிராம்தான். பாம்பு வளர வளர அடுத்த அளவுக்கு, அதாவது மெல்லிசா மயிர் மொளச்ச குட்டிக்கு மாத்தணும். பாம்போட உடம்பு எங்க ரொம்ப தடியா இருக்கோ அந்த அளவு, இல்லன்னா அதுல ஒன்றரை மடங்கு தடிமன் வரைக்கும் இரை இருக்கலாம். அவ்வளவு பெருசு எப்படி போகும்னு பயப்பட வேணாம், கீழ்த்தாடையோட ரெண்டு பக்க எலும்பும் முன்னாடி ஒட்டாம தசைநாரால மட்டும் சேந்திருக்கு, அதனால தனித்தனியா விரியும்.

சுருளி 22 கிராம் ஆனப்புறமும் மயிர் இருக்கற குட்டிய தொடவே இல்ல. நாக்க நீட்டும், மோந்து பாக்கும், திரும்பிப் போயிடும். மூணு தடவ இப்படி. அதுல ஒரு தடவ கண்ணு நீலம் பூத்து சட்டை உரிக்கப் போற நேரம், அப்ப இரை எடுக்காம இருக்கறது சகஜம்னு எனக்கு அப்ப தெரியாது. பையன் "அடம் புடிக்குது"ன்னான், நானும் அப்படித்தான் சொன்னேன். அக்கா உங்க பட்டியல்ல "அடம்பிடிக்கும் பாம்பு"ன்னு ஒரு வரி இருக்கு, அதையும் எடுத்துடலாம்னு கேட்டுக்கறேன், ஏன்னா பாம்பு அடம் புடிக்கல. நாக்கால காத்துல இருந்து வாடைய எடுத்து மேல்அண்ணத்துல இருக்கற ஜேக்கப்சன் உறுப்புல வச்சுப் பாக்குது, அங்க தெரிஞ்ச வாடை வரலன்னா அதுக்கு அது இரையே இல்ல. மயிர் மொளச்ச குட்டியோட வாடை வேற. நம்ம முன்னாடி யாராச்சும் ஒரு கல்ல வச்சு சாப்பிடுன்னா சாப்பிடுவோமா, அந்த மாதிரி. அதனால "இரை மறுப்பு"ன்னு மட்டும் வச்சா போதும், அது நடந்தத மட்டும் சொல்லுது, குத்தம் சாட்டல.

அப்புறம் செஞ்சது என்னன்னா, முதல்ல சூடு. வெதுவெதுப்பா இருக்க வேண்டிய பக்கம் 25 டிகிரிதான் காட்டுச்சு, தெர்மோஸ்டாட் மாத்தி 29க்கு கொண்டு வந்தேன், சூடு பத்தலன்னா பசியும் வராது செரிக்கவும் செரிக்காது. அதோட ஒரு வேளைக்கு ஒன்னுக்கு பதிலா சின்னக்குட்டி ரெண்டா குடுத்தேன், மாத்தற வரைக்கும் உடம்பு எளைக்கக் கூடாதில்லையா. அடுத்தது வாடை. பெரிய குட்டியயும் சின்னக்குட்டிகளையும் ஒரே ஜிப் பையில போட்டு ஃப்ரீசர்ல வச்சேன், எடுக்கும்போதும் அதே பையோட வெந்நீர்ல வச்சு ஐஸ் விட வச்சேன் (மைக்ரோவேவ்ல வச்சிடாதீங்க, உள்ள வெந்துடும், வயிறு வெடிச்சுடும்), அப்புறம் சின்னத எடுத்து பெருசோட மூஞ்சி, முதுகு எல்லாம் நல்லா தேச்சேன். இடுக்கியால முதல்ல சின்னத குடுத்து, அது பாதி உள்ள போயிட்டு இருக்கும்போதே பெருசோட மூக்கு நுனிய அதோட பின்னால ஒட்டினாப்ல வச்சேன். தாடை ஏற்கனவே நடந்துகிட்டு இருக்கு, அப்படியே அடுத்ததுக்கும் போயிடுச்சு. தலைப்பக்கம் முன்னாடி இருக்கணும், மயிரும் காலும் பின்பக்கமா படிஞ்சு உள்ள வழுக்கிட்டு போகும். முதல் தடவ பாதியில விட்டுடுச்சு. ஏழு நாள் கழிச்சு ரெண்டாவது தடவ முழுசா முழுங்கினதப் பாத்தப்ப நானும் பையனும் மூச்சு விடாம நின்னுட்டு இருந்தோம், அவன் கையப் புடிச்சுகிட்டு அழுதுட்டான்.

அந்த சந்தோஷத்துல மறுநாளே கையில எடுத்துட்டேன், அது என் தப்பு. ராத்திரி கக்கிடுச்சு. இரை எடுத்தா 48 மணி நேரம் தொடக்கூடாது. அப்புறம் பத்து நாள் சும்மா விட்டு, சின்னக்குட்டி ஒன்னே ஒன்னு குடுத்துத்தான் திரும்ப ஆரம்பிச்சோம். இதுக்கு பட்டியல்ல "மீளுமிழ்வு"ன்னு இருக்கு. தயவுசெஞ்சு "கக்கல்"னு மாத்துங்க. பாம்பு கக்கும்னு சொல்லாத ஊரே கிடையாது, இருக்கற சொல்ல விட்டுட்டு புதுசா ஒன்னு செஞ்சு அத விளக்க ஒரு பக்கம் எழுதணுமா.

இப்ப மணத்துக்கு வரேன். நான் முதல்ல யோசிச்சது "கவுச்சி தடவல்". எங்க மதுரைப் பக்கம் மீன், கறி வாடைக்கு கவுச்சின்னுதான் சொல்லுவோம். ஆனா அக்கா நீங்க யாழ்ப்பாணத்துல வெடுக்குன்னு சொல்லுவீங்க, ஒரு ஊர் சொல்ல எல்லார் தலையிலயும் கட்டறது சரியில்ல. வாடைன்னா எல்லாருக்கும் புரியும், நல்ல வாசம் கெட்ட வாசம்ங்கற பேச்சும் அவ்வளவா வராது. வாடைக்காத்தோட குழம்புமான்னு கேக்கலாம், எலிக்குட்டி பக்கத்துல நின்னா குழம்பாது. "தடவல்" ஏன் வேணாம்னா, ஒரே பையில போட்டு வைக்கறதும் இந்த முறைதான், அதுல தடவறதே இல்ல. "ஊட்டல்" வேணவே வேணாம், வாயத் தொறந்து இரைய உள்ள வைக்கற கடைசி வழி ஒன்னு இருக்கு, அதுக்கு "வலிந்தூட்டல்"னு ஏற்கனவே வச்சிருக்கோம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா புதுசா வர்றவங்க ரெண்டும் ஒரே வகைன்னு நினைச்சு அத செஞ்சுடுவாங்க, பாம்புக்கு அது பெரிய இம்சை. மூடாம வச்ச பால்ல மீன் வாடை ஏறிடுச்சுன்னு வீட்ல சொல்றோம்ல, அந்த ஏறுதல்தான் இங்க நடக்குது. அதனால என் ஓட்டு வாடையேற்றல். உங்க பழமொழிய விளக்கத்துல கண்டிப்பா வச்சுக்கலாம் அக்கா, அத விட சுருக்கமா யாராலயும் விளக்க முடியாது.

சின்ன அளவுலேருந்து பெரிய அளவுக்கு கொண்டு போற மொத்த வேலைக்கும் "இரை பழக்கல்". மாட்ட வண்டிக்கு பழக்கறோம், அதே பழக்கல், பொறுமையும் அதே பொறுமை.

குட்டிங்க பேரு. தொல்காப்பிய மரபியல்லயே எலியோட இளமைக்கு குட்டின்னு இருக்கு, பறழ்னும் சொல்லலாம்னு இருக்கு. குட்டியே இருக்கட்டும். மயிர் இல்லாத முதல் நிலைக்கு ஒருத்தர் "இளஞ்சிவப்புக் குட்டி"ன்னு எழுதியிருந்தார், நீளம். "பச்சைக்குட்டி"ன்னு வைங்க. பச்சப்புள்ள, பச்ச உடம்புன்னு சொல்லும்போது யாரும் நிறத்த நினைக்கறதில்ல, பொறந்த புதுசுங்கறதுதான் மனசுல வருது. மெல்லிசா மயிர் வந்ததுக்கு பூனைமயிர்னு ஒரு அருமையான சொல் நம்மகிட்ட இருக்கு, ஆனா எலி பேர்ல பூனை வந்தா குழப்பம்தான், அதனால "பூமயிர்க்குட்டி". அதுக்கடுத்து குதிச்சு ஓட ஆரம்பிக்கற நிலைக்கு "தத்துக்குட்டி"ன்னு நான்தான் போன மாசம் எழுதினேன், அத வாபஸ் வாங்கிக்கறேன், படிக்கறவங்க தத்துப்பிள்ளை மாதிரி எடுத்துக்கறாங்க. "துள்ளுக்குட்டி" இப்போதைக்கு. இதுக்கு மட்டும் எனக்கு முழு திருப்தி இல்ல, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கம் எலி, அணில் குட்டிக்கு அந்தப் பருவத்துல ஏதாச்சும் தனிப்பேரு இருக்கான்னு வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க அக்கா. அது வர வரைக்கும் அந்த ஒரு வரிய காலியா விட்டுட்டு மத்தத பட்டியல்ல ஏத்திடறேன்.