புதுப்பிப்பு: ஒகேனக்கல் ஏற்றமும் கெண்டைக்கால் பிடிப்பும்

சைக்கிள் பந்தயத்துக்குப் பழகும்போது, ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறும் மலைச்சாலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

உப்பு போட்ட மோர் குடிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். குடித்தேன், தாகம் அடங்கியது, பிடிப்பு அடங்கவில்லை. கைகொடுத்தது பயிற்சிதான். ஏற்றத்திலும் பந்தய வேகத்திலேயே மிதித்துப் பழகினேன், அப்புறம் லேசான கியருக்கு மாறினேன். களைத்த தசைதான் பிடித்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். மீறிப் பிடித்தால் இறங்கி, முட்டியை நீட்டி, கால்விரல்களை நம் பக்கம் இழுத்தால் விட்டுவிடும்.

ஊறுகாய்த் தண்ணீர் குடிக்கச் சொன்ன அண்ணனுக்கு: 2010இல் வந்த ஓர் ஆய்வில் அது தண்ணீரைவிடச் சீக்கிரம் பிடிப்பை விடுவித்தது உண்மைதான். ஆனால் அது வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய்த் தண்ணீர். நம்ம மாங்காய் ஊறுகாய் எண்ணெயைக் குடிக்க நான் தயாரில்லை!