புதுப்பிப்பு: 13 மைக்ரான் சிக்கல் தீர்ந்தது

100 மி.மீ. அலுமினிய ஸ்பேசர் (இரு பாகங்களுக்கு நடுவே இடைவெளி காக்கும் துண்டு) எங்கள் பட்டறையில் அளந்தால் சரியாக இருக்கிறது, வாடிக்கையாளர் அளந்தால் 13 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் 13 பங்கு) குறைகிறது. துல்லியப் பொறியியல் மாநாட்டில் தொழில்துறையினரும் ஆய்வாளர்களும் கூடும் அமர்வுக்குப் போனால் பலன் உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போனேன். "பிரோஷர் வேண்டாம், பீஸையும் டிராயிங்கையும் எடுத்துப் போங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மேடைப் பேச்சு எனக்குப் பெரிதாக உதவவில்லை. டீ இடைவேளையில் ஓர் ஆய்வாளரிடம் பீஸைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "எத்தனை டிகிரியில அளந்தீங்க?"

பட்டறையில் 31. அளவுக்கான சர்வதேசத் தர வெப்பநிலை 20. அலுமினியம் 100 மி.மீ.க்கு, டிகிரிக்கு 2.3 மைக்ரான் விரியும். ஆக 11 டிகிரி வித்தியாசத்துக்கு 25 வரணுமே, 13தானே வருகிறது என்றேன். "நீங்க அளக்கிற கருவி, மைக்ரோமீட்டர், எஃகுதானே சார், அதுவும் விரியுமே" என்றார். எஃகு விரிவது ஏறக்குறைய பாதி. கழித்தால் அதே 13! அசடு வழிந்தேன்.

இப்போது பீஸ், மைக்ரோமீட்டர் இரண்டையும் ராத்திரி முழுக்க ஏ.சி. அறையில் வைத்து, காலையில் அளக்கிறோம். ஏ.சி. 22-க்குக் கீழே இறங்கவில்லை. அதற்கு 2 மைக்ரான் கழித்துக்கொள்கிறோம். அப்புறம் அனுப்பிய லாட்டில் ஒரு பீஸும் திரும்பவில்லை.