லீன் மாஸ், ஃபேட் ஃப்ரீ மாஸ், மசில் மாஸ்: மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

பொருள்: லீன் மாஸ் – கலைச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பக்கவாத மறுவாழ்வு ஆய்வுக்கான கையேடு ஒன்று தமிழில் உருவாகிறது. பாடி காம்போசிஷன் (உடலில் கொழுப்பு, தசை, எலும்பு முதலியவற்றின் பங்கு), ஃபேட் ஃப்ரீ மாஸ், லீன் மாஸ், மசில் மாஸ் நான்கும் அதில் ஒரே பத்தியில் வருகின்றன. பின்னவை மூன்றும் உடலின் கொழுப்பல்லாத பகுதியை வெவ்வேறு வகையில் குறிப்பவை; மூன்றுக்கும் 'தசை நிறை' என்றே எழுதிவிட்டால் பத்திக்குப் பொருளே இருக்காது. முதலாவதற்கு 'உடற்கூறு' என்று ஒரு பரிந்துரை வந்தது. ஆனால் உடற்கூறியல் என்பது அனாட்டமிக்கு நிலைத்துவிட்டது. லீன் மாஸுக்கு 'மெலி நிறை' சரிவருமா?

மறு: லீன் மாஸ் – கலைச்சொல் வேண்டும்

> லீன் மாஸுக்கு 'மெலி நிறை' சரிவருமா?

வராது. "உங்கள் மெலி நிறை கூடியிருக்கிறது" என்று சொன்னால் தாம் இன்னும் இளைத்துவிட்டதாகவே நோயாளி புரிந்துகொள்வார். நடந்ததோ அதற்கு நேர்மாறு. தசை மெலிவு என்பது அட்ரோபிக்கும் வழங்குகிறது.

கருவி எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் சொல் தானே அமையும். டெக்ஸா என்ற கருவி இரு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை உடலில் செலுத்தி எலும்புத் தாது, கொழுப்பு, மற்றவை என மூன்றாகப் பிரிக்கிறது. அந்த 'மற்றவை'தான் அறிக்கையில் லீன் என்று அச்சாகிறது. அதில் தண்ணீர், புரதம், கிளைக்கோஜன் எல்லாம் அடங்கும். நடு உடலில் கல்லீரல், இதயம், குடல் ஆகியவையும் அதற்குள் வந்துவிடும். கைகால்களில் இப்படிப்பட்ட உள்ளுறுப்புகள் இல்லாததால் அங்குள்ள 'மற்றவை'யில் பெரும்பகுதி தசையே. அதனால்தான் நான்கு கைகால்களின் அளவை மட்டும் கூட்டி, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். அப்போதும் தோலும் தசைநாணும் இரத்தக்குழாயும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. கொழுப்புத் திசுவிலேயே ஏறத்தாழ 15 சதவீதம் கொழுப்பல்லாத பொருள். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

ஆகவே என் முன்மொழிவு:

கொழுப்பிலி நிறை: உடல் நிறையில் கொழுப்பு நீங்கலாக உள்ள அனைத்தும், எலும்பு உட்பட. ஃபேட் ஃப்ரீ மாஸ் இதுவே.
கொழுப்பிலி மென்திசு: மேலே சொன்னதில் எலும்புத் தாதுவையும் கழித்தது. டெக்ஸா சொல்லும் லீன் இதுவே.
தசை நிறை: எலும்புத் தசையை மட்டும் பிரித்து அளந்தால்தான் இந்தப் பெயர். எம்.ஆர்.ஐ. படத்தில் தசையின் எல்லையை வரைந்து அளப்பது இந்த வகை.

முதுகெலும்பிலி என்ற சொல் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் 'இலி' யாருக்கும் புதிதல்ல. பாடி காம்போசிஷனுக்கு 'உடல் இயைபு' என்பேன். வேதியியலில் காம்போசிஷனுக்கு இயைபு வழக்கில் உள்ளது.

மறு: மறு: லீன் மாஸ் – கலைச்சொல் வேண்டும்

இயன்முறை மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று. பெரும்பாலான மறுவாழ்வு மையங்களில் டெக்ஸா இருப்பதில்லை, பயோ இம்பீடன்ஸ் கருவிதான் கைக்கு எட்டும். அது தசையையும் அளப்பதில்லை, கொழுப்பையும் அளப்பதில்லை. வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸில், ஒரு மில்லியாம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தி மின்தடையையும் மின்மறுப்பையும் பதிவு செய்கிறது. மீதியெல்லாம் சமன்பாடு. 2000இல் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் எம்.ஆர்.ஐ. அளவோடு ஒப்பிட்டு உருவாக்கிய சமன்பாடு இது:

தசை நிறை (கிலோ) = 0.401 × (உயரம்² ÷ மின்தடை) + 3.825 (ஆணுக்கு மட்டும்) − 0.071 × வயது + 5.102

உயரம் சென்டிமீட்டரில், மின்தடை ஓமில். 65 வயது, 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு மின்தடை 500 ஓம் என்றால் விடை 26.1 கிலோ. அதே ஆளுக்குக் கைகாலில் நீர் கோத்து மின்தடை 450 ஓமாக இறங்கினால் விடை 28.6 கிலோ. தசை ஓர் இழைகூடக் கூடவில்லை, தண்ணீர்தான் ஏறத்தாழ 2.4 கிலோ தசையாக வேடமிட்டிருக்கிறது. பக்கவாதத்தில் செயலிழந்த கை வீங்குவது அடிக்கடி நடப்பது. அந்தப் பக்கத்தில் மின்வாய் ஒட்டி எடுத்த எண்ணை நம்பி "தசை தேறிவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். எனவே இந்த முறைக்கு 'மதிப்பிட்ட தசை நிறை' என்றே எழுத வேண்டும். 'மதிப்பிட்ட' என்பதை எந்த அட்டவணையிலும் விடக்கூடாது.

கையேட்டில் செய்முறையும் வரட்டும். வெறும் வயிறு, சிறுநீர் கழித்த பின், மல்லாந்து 5 முதல் 10 நிமிடம் படுத்திருந்த பிறகு அளவு. கை விலாவைத் தொடக்கூடாது, தொடைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் மடித்த துணி வைக்கலாம். மின்வாய்கள் மணிக்கட்டிலும் புறங்கையிலும், கணுக்காலிலும் புறங்காலிலும். ஒரே கையில் அல்லது காலில் உள்ள இரண்டுக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. பாதிக்கப்படாத பக்கத்தில் எடுங்கள், எந்தப் பக்கம் என்று குறியுங்கள். மறு அளவும் அதே நேரத்தில், அதே பக்கத்தில். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எடுக்கக்கூடாது. நிற்க முடியாதவரின் உயரத்தை ஊகித்து எழுதும் பழக்கம் தீங்கானது: 160 செ.மீ. ஆளுக்கு 2 செ.மீ. கூட்டி எழுதினால் உயரத்தின் வர்க்கம் 2.5 சதவீதம் ஏறிவிடும். முழங்கால் உயரத்தை அளந்து கணக்கிடுவது மேல்.

மறு: மறு: மறு: லீன் மாஸ் – கலைச்சொல் வேண்டும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தடை. எங்கள் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு. நிறை என்றால் வெயிட். 'தசை நிறை' என்பதை இங்குள்ள மாணவர் தசையின் எடை என்றே வாசிப்பார். திசுவும் எங்களுக்கு இழையம். கிலோ எண்ணில் பிழை வராது என்றாலும் தரவுப் படிவத்தில் 'உடல் நிறை' என்றும் 'உடல் எடை' என்றும் இரு வரிகள் வந்தால் குழப்பம் உறுதி. முதல் முறை வரும்போது 'நிறை (திணிவு)', 'மென்திசு (மென்னிழையம்)' என்று இரண்டையும் தந்துவிடுங்கள்.

தசை குன்றும் நிலையான சார்கோபீனியாவுக்கான சொல்லையும் இப்போதே முடிவு செய்யலாம். 1989இல் ரோசன்பெர்க் கிரேக்கச் சொற்களால் இதை ஆக்கியபோது பொருள் தசையின் குறைவு மட்டுமே. இன்றைய வரையறையில் வலுவும் உண்டு. ஆசிய சார்கோபீனியா பணிக்குழுவின் 2019 பரிந்துரையில் கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு. எனவே 'தசைக் குறைவு' பாதிதான் சொல்லும். 'தேய்வு' மூட்டுக்குப் போய்விட்டது, 'சிதைவு' டிஸ்ட்ரோபி என்ற மரபுவழித் தசை நோய்க்கு. அளவும் வலுவும் சேர்ந்து குன்றுவதைச் சொல்ல 'தசை நலிவு' பொருந்தும். முன்னால் 'மூப்பு' சேர்க்க வேண்டாம்; நோயாலும் படுக்கையில் கிடப்பதாலும் வருவது உண்டு.

மறு: மறு: மறு: மறு: லீன் மாஸ் – கலைச்சொல் வேண்டும்

'தசை நலிவு', இரட்டை வழக்கு இரண்டையும் ஏற்கிறேன். கைகால் அளவைக் குறிக்கும் அப்பெண்டிகுலருக்கு 'புறத்துறுப்பு' என்பதைவிட 'கைகால்' போதும். சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"உடல் இயைபு டெக்ஸா மூலம் அளக்கப்பட்டது. கைகால் தசை நிறைக் குறியீட்டெண் ஆணுக்கு 7.0, பெண்ணுக்கு 5.4 கிலோ/மீ²-க்குக் கீழே இருந்து, கைப்பிடி வலுவும் குறைந்திருந்தால் தசை நலிவு எனக் கொள்ளப்பட்டது."

மறு: மறு: மறு: மறு: மறு: லீன் மாஸ் – கலைச்சொல் வேண்டும்

> கைகால் தசை நிறைக் குறியீட்டெண்

இங்கே 'கைகால் கொழுப்பிலி மென்திசுக் குறியீட்டெண்' என்று மாற்றுங்கள். நீளம்தான், ஆனால் டெக்ஸா அளந்தது அதைத்தான். அதே ஆசியப் பரிந்துரை பயோ இம்பீடன்ஸுக்குப் பெண்ணின் எல்லையை 5.7 என்று வைக்கிறது. இரு கருவிக்கும் 'தசை நிறை' என்று ஒரே பெயர் இருந்தால் 5.5 வந்த பெண்ணை ஒரு மையம் எல்லைக்கு மேலும் இன்னொரு மையம் கீழும் வைக்கும், ஏன் என்று அட்டவணையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. வலு எல்லைகளையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். மற்றபடி பத்தி அச்சுக்குப் போகலாம்.