ஐபிவி4 முகவரிக் கைமாற்றம்: வாங்குபவர் தேவையை நிரூபிக்கத்தான் வேண்டுமா?

கடைசிமைல்:
ஏபிநிக் (ஆசிய-பசிபிக் இணைய முகவரிப் பதிவகம்) பகுதியில் காசு கொடுத்து ஒரு /20 ஐபிவி4 பிளாக் வாங்கினாலும் (4,096 இணைய முகவரி; கோட்டுக்குப் பின் எண் சிறியதானால் பிளாக் பெரிது), அடுத்த 24 மாதத்தில் அதை எங்கே, எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று திட்டம் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. ரைப் (ஐரோப்பா, மத்திய கிழக்கு, மத்திய ஆசியப் பதிவகம்) பகுதிக்குள் நடக்கும் கைமாற்றத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. இங்கும் இதை எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம். பகுதிப் பதிவகங்களுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் ஐயானாவின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஏபிநிக்கிடம் புது உறுப்பினருக்குக் கிடைப்பது அதிகபட்சம் /23, அதாவது 512 முகவரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தைதான். இலவசமாகப் பங்கிட்ட காலத்தில் "இவ்வளவு எதற்கு?" என்று கேட்டது நியாயம். சொந்தப் பணம் போட்டு வாங்குபவரிடம் எதற்கு அந்தக் கேள்வி? பதிவகத்தின் வேலை, எந்த பிளாக் யார் கையில் என்பதைப் பிழையில்லாமல் எழுதி வைப்பது.

நெடுவழி:
விலை தடுப்பது பணம் இல்லாதவரைத்தான், தேவை இல்லாதவரை அல்ல. கேள்வியே கேட்காவிட்டால், ஒரு ரவுட்டர்கூட வைத்திருக்காத முதலீட்டாளர் /16 (65,536 முகவரி) வாங்கிப் பூட்டி வைத்து, விலை ஏறியதும் விற்கலாம்.

இன்னொன்றை நீங்கள் சொல்லவே இல்லை. ஆரின் (வட அமெரிக்கப் பதிவகம்) விதித்தொகுப்பில் 8.4 பிரிவைப் பாருங்கள். பகுதி தாண்டிய கைமாற்றத்துக்கு, எதிர்ப்பக்கப் பதிவகத்திலும் பரஸ்பரமான, தேவை அடிப்படையிலான விதி இருக்க வேண்டும். தொடக்க காலத்தில் கொடுத்த பெரிய பிளாக்குகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கடைசி /8 (கையிருப்பின் கடைசிப் பெரிய பிளாக்) கட்டத்துக்குப் பின் தேவை காட்ட வேண்டாம் என்றுதான் ஏபிநிக்கிலும் முதலில் இருந்தது. 2011இல் 96ஆம் முன்மொழிவு அதைத் திருப்பிக் கொண்டுவந்தது இந்தக் காரணத்தால்தான். நீங்கள் சொல்கிறபடி விதியை எடுத்தால் அந்தக் கதவு அடைபடும்.

கடைசிமைல்:
ஆரின் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் ரைப் அதற்கும் வழி கண்டது. தேவை கேட்கும் பகுதியிலிருந்து வரும் பிளாக்குக்கு மட்டும், ஐந்து ஆண்டில் குறைந்தது 50% பயன்படுத்தும் திட்டம் கேட்கிறார்கள். உள்ளுக்குள் நடப்பதற்கு எதுவும் கேட்பதில்லை. அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாமே?

பூட்டி வைப்பவரை 24 மாதத் திட்டம் தடுக்கிறது என்பதையும் நான் நம்பவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை, சிஜிநாட் (ஒரே முகவரியைப் பல சந்தாதாரர் பகிரும் முறை) விகிதம், சர்வர் பட்டியல் என்று யாரும் ஒரு கணக்கு எழுதிவிடலாம். மாட்டிக்கொள்வது ஆவணம் எழுத ஆள் இல்லாத சின்ன ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) தான். அவர் கடைசியில் லீஸுக்குப் போகிறார்; பிளாக் பதிவேட்டில் ஒருவர் பெயரில், ஓடுவது இன்னொருவர் நெட்வொர்க்கில்.

ரூட்டிங்மேசை:
லீஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், உண்மையான சேதம் அங்கேதான். லீஸ் எடுத்தவர் தன் ஏஎஸ் எண்ணிலிருந்து (நெட்வொர்க்கின் அடையாள எண்) பிளாக்கை அறிவிக்க, அதாவது அதற்கான வழி தன்னிடம் என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்ல வேண்டுமானால், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் அந்த எண்ணுக்கு ரோவா (இந்த எண் இந்த பிளாக்கை அறிவிக்கலாம் என்ற கையெழுத்திட்ட அனுமதி) போட்டுத் தர வேண்டும். /20க்கு அதிகபட்ச நீளம் 20 (அதைவிடச் சிறு துண்டுக்கு அனுமதி இல்லை) என்று போட்டுவிட்டு, மறுமுனையில் /24ஆக (256 முகவரி) உடைத்து அறிவித்தால் அத்தனையும் செல்லாதது ஆகிவிடும். ஆர்பிகேஐ (ரோவாக்கள் அடங்கிய சான்றிதழ் முறை) சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் தூக்கி எறிந்துவிடும். லீஸ் முடிந்ததும் பழைய ரோவாவை நீக்க மறப்பது இன்னும் மோசம். போனவர் தொடர்ந்து அறிவித்தாலும் அது செல்லுபடியாகும் வழியாகவே தெரியும்.

பதிவான கைமாற்றத்திலும் சிக்கல் உண்டு. பகுதி மாறும்போது ரிவர்ஸ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் முறை) ஒப்படைப்பைப் புதிய பதிவகத்தில் மறுபடி உருவாக்க வேண்டும். அதுவரை மெயில் சர்வர்கள் அடி வாங்கும். ஐஆர்ஆரில் (எந்த நெட்வொர்க் எந்த வழியை அறிவிக்கும் என்ற பொதுப் பதிவேடுகள்) பழைய ரூட் பதிவுகள் பல இடங்களில் தங்கியிருக்கும். பணம் எஸ்க்ரோவிலிருந்து (நடுநிலையாளர் பணத்தை வைத்திருக்கும் கணக்கு) போகும் முன்பே ஸ்பேம் தடுப்புப் பட்டியல்களில் பிளாக் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துப் பயனில்லை.

நெடுவழி:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கேள்வியில்லாமல் வாங்கலாம் என்றால் வாங்கி லீஸுக்கு விடுவதே பலருக்குத் தொழிலாகிவிடும்.

கடைசிமைல்:
அந்தத் தொழில் கேள்வி இருக்கும்போதே நடக்கிறது. சின்ன ஐஎஸ்பியால் சொந்தமாக வாங்கிப் பதிய முடிந்தால் அதற்கு வாடிக்கையாளர் குறைவார்கள். வாங்கி உடனே விற்பதைத் தடுக்க வேண்டுமென்றால் காத்திருப்புக் காலம் வையுங்கள். ரைப் 24 மாதம் வைத்திருக்கிறது. ஏபிநிக்கே தன் கடைசி /8 ஆன 103/8இலிருந்து கொடுத்ததை ஐந்து ஆண்டுக்குக் கைமாற்ற விடுவதில்லை. அது தேதியை மட்டும் பார்க்கிற விதி. திட்டத்தில் கதை எழுதலாம், தேதியில் எழுத முடியாது.

நெடுவழி:
காத்திருப்புக் காலம் மறுவிற்பனையைத்தான் தள்ளிப்போடும், லீஸை அல்ல. வாங்கிய மறுநாளே வாடகைக்கு விடலாம். வாடகை வருகிறவருக்கு 24 மாதம் ஒரு தடையே இல்லை. ஐந்து ஆண்டு, 50% என்ற அளவை எல்லாக் கைமாற்றத்துக்கும் வைத்தால் நான் சம்மதிப்பேன். சின்ன ஐஎஸ்பிக்கும் அது சுமை இல்லை. லீஸ் எடுத்தவர் பெயரும் புகார் முகவரியும் ஹூஈஸில் (பிளாக் யாருடையது என்று யாரும் தேடிப் பார்க்கும் பதிவேடு) வர வேண்டும், வராவிட்டால் அடுத்த கைமாற்றம் நிறுத்தப்பட வேண்டும்.

கடைசிமைல்:
ஹூஈஸ் நிபந்தனை எனக்கும் வேண்டும். 50% அளவை /22 (1,024 முகவரி) வரை வாங்குபவரிடம் கேட்கக் கூடாது. அதற்குக் கீழே பதுக்க எதுவும் இல்லை.

நெடுவழி:
நான்கு நிறுவனப் பெயரில் நான்கு /22 வாங்கினால் ஒரு /20 சேர்ந்துவிடும். உரிமையாளர் ஒருவரே என்றால் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ரூட்டிங்மேசை:
அந்த வரம்பு பெரிய பிளாக் வைத்திருப்பவரைத் துண்டு போட்டு விற்கவும் தூண்டும். /24 வரை பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்கின்றன. ஒரு /16ஐ முழுக்க உடைத்தால் ஒரு வழி இருந்த இடத்தில் 256. 2014 ஆகஸ்டில் உலக ரூட்டிங் அட்டவணை (எந்த பிளாக்குக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் வைத்திருக்கும் பட்டியல்) 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, நினைவக ஒதுக்கீட்டை மாற்றாத பழைய ரவுட்டர்கள் திணறின. முன்மொழிவு எழுதுகிறவர் அதில் சிறு பிளாக் விலக்கு வைத்தால், ஒரே மூல பிளாக்கிலிருந்து ஆண்டுக்கு எத்தனை துண்டு விற்கலாம் என்ற எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும்.