பதில்: மெரிடியானியைட்டு – ‘உருகும்’ என்று எழுதலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மெரிடியானியைட்டு என்ற நீரேறிய மக்னீசியம் சல்பேட்டுக் கனிமத்துக்கு நம் குழு எழுதிவரும் வரைவுப் பதிவு பற்றிய இந்த இழையில், கனிமத்தின் பெயரைப் பற்றியே பத்துப் பேர் எழுதிவிட்டோம். பதிவின் நடுவில் இருக்கும் ஒரு வினைச்சொல்லை யாரும் தொடவில்லை. அதற்கு வருமுன் பெயரை முடித்துவிடுகிறேன். ‘செவ்வாய்க்கல்’ என்று பெயரிடலாம் என்றவரின் வாதம் இது:

> “செவ்வாய்க்கல் என்றால் மாணவர்கள் மனத்தில் நிற்கும்.”

நிற்கும், தவறாக நிற்கும். பெயர் செவ்வாயின் மெரிடியானி சமவெளியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் இயற்கையில் இதைக் கண்டெடுத்த இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆஷ்கிராஃப்ட் அருகே குளிர்காலத்தில் உறைந்து கிடந்த ஓர் உப்புக் குட்டை. பின்னர் ஜப்பானின் சரோமா ஏரிப் பனிக்கட்டியிலும் அண்டார்க்டிகப் பனியிலும் தென்பட்டது. செவ்வாயில் இருந்திருக்கலாம் என்பது ஊகம். யாரும் அங்கே நேரில் பார்த்துவிடவில்லை. அன்னபேதி, மயில்துத்தம், படிகாரம் ஆகியவையும் நீரேறிய சல்பேட்டுகளே. அவை நாட்டுமருந்துக் கடையில் புழங்கிப் பெயர் பெற்றவை. இந்தக் கனிமத்தைக் கடையில் வைத்தால் மாலைக்குள் காணாமல் போய்விடும். ஒலிபெயர்ப்பே போதும்.

‘நீரேறிய சல்பேட்டு’ என்பதற்கு மாற்றாக வந்த ‘ஈரச் சல்பேட்டு’ என்ற பரிந்துரையையும் ஏற்க முடியவில்லை. மயில்துத்தத்தைத் தொட்டால் கை நனையாது. நீர், படிகக் கட்டமைப்பின் உறுப்பாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ‘நீரேறிய’ என்பதே சரி. ஓர் அலகு உப்புடன் சேர்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகளின் எண்ணையும் தமிழிலேயே சேர்க்கலாம்: பேதியுப்பாகிய எப்சமைட்டு எழுநீரேறி, மெரிடியானியைட்டு பதினொருநீரேறி. எப்சமைட்டின் எடையில் பாதியளவு நீர். பதினொருநீரேறியில் அது ஏறத்தாழ 62 விழுக்காடு.

பதினொன்றா பன்னிரண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1837-இல் வேதியியலாளர் ஃபிரிட்ஷே இந்த உப்பை ஆய்வகத்தில் உருவாக்கியபோது பன்னிரண்டு என்று கணித்தார். பாடநூல்களிலும் அப்படியே நின்றது. 2006-இல் பீட்டர்சன், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் படிக அமைப்பை ஆராய்ந்து பதினொன்று என்று காட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு அது கனிமமாகவே விவரிக்கப்பட்டது. ஆகவே பழைய நூலில் ‘பன்னிருநீரேறி’ என்று கண்டால் அது வேறொரு பொருள் அன்று.

இனி வினைச்சொல். வரைவுப் பதிவில் ‘2 பாகை செல்சியசில் உருகும்’ என்று இருக்கிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? பனிக்கட்டி தண்ணீராவதுபோல் முழுவதும் நீர்மமாகிவிடும் என்றுதானே. நடப்பது வேறு. பதினொரு நீரில் நான்கு கழன்றுவிடுகிறது. மீதி ஏழுடன் எப்சமைட்டு திண்மமாகவே நிற்கிறது. கழன்ற நீர் அதில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு உவர்நீராகிறது. கன அளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு எப்சமைட்டு, 30 விழுக்காடு நீர் கொண்ட கூழ்தான் மிஞ்சுகிறது. இந்தக் கனிமத்தின் முழுக் கவர்ச்சியும் இந்த நிகழ்வில்தான் இருக்கிறது. 2004-இல் செவ்வாயின் மெரிடியானியில் இறங்கிய நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அங்குள்ள சல்பேட்டுப் பாறைகளில் தட்டையான படிக வடிவக் குழிகளைக் கண்டது. அங்கே இருந்த பதினொருநீரேறிப் படிகங்கள் இப்படிக் கூழாகி வெளியேறியதால் அச்சு மட்டும் எஞ்சியது என்பது பீட்டர்சன் குழுவின் விளக்கம். ‘உருகும்’ என்று மட்டும் எழுதினால் இந்த விளக்கத்தின் அடிப்படையே வாசகருக்குக் கிடைக்காது.

எனவே, திண்மம் வேறொரு திண்மமாகவும் வேறு இயைபுள்ள நீர்மமாகவும் பிரியும் இந்த உருகலுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘ஒவ்வா உருகல்’ என்று ஓர் அகராதி நண்பர் தனிமடலில் சொன்னார். ஒவ்வாமை என்றாலே தும்மலும் தடிப்பும் நினைவுக்கு வரும் காலம் இது, வேண்டாம். ‘சிதைந்துருகல்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேதியியலில் சிதைவுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்துவிட்டோம். மேலும் குளிர்ந்தால் அதே கூழ் மீண்டும் பதினொருநீரேறியாகச் சேரக்கூடியது. சிதைந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

என் பரிந்துரை ‘பிரிந்துருகல்’. பாடநூலில் ‘பிரிகை’ வேறு பொருளில் உள்ளதே என்று இலங்கை நண்பர்கள் கேட்கலாம். அது தனிப் பெயர்ச்சொல். இங்கே ‘பிரிந்து’ உருகலுக்கு அடையாக மட்டுமே நிற்கிறது. குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். பதிவில் இப்படி எழுதலாம்: “மெரிடியானியைட்டு 2 பாகை செல்சியசில் எப்சமைட்டாகவும் உவர்நீராகவும் பிரிந்துருகும்.”

எதிர்ச்சொல்லாக, இயைபு மாறாமல் உருகுவதற்கு, ‘ஒத்துருகல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கு முழு நிறைவில்லை. ‘உரு ஒத்திருத்தல்’ என்று மயங்க இடமுண்டு. உலோகவியல் படித்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். கலப்புலோகங்களிலும் இதே இணை தேவைப்படுவதால், நீங்கள் எழுதிய பிறகு முடிவு செய்யலாம். அதுவரை ‘பிரிந்துருகல்’ மட்டும் வரைவில் ஏறட்டும்.