தீனித் தட்டுக்கு வரும் குருவிகளின் படங்கள் மங்கலாக விழுகின்றன: காரணம் எது?

கேள்வி:
வணக்கம். கொல்லையில் வைத்துள்ள தீனித் தட்டுக்கு வரும் சிட்டுக்குருவிகளை, அறைக்குள் நின்று ஜன்னல் கண்ணாடி வழியாக 400 மி.மீ. லென்ஸில் எடுத்துவருகிறேன். தட்டு சுமார் 4 மீட்டர் தொலைவில் உள்ளது. எஃப் 5.6 (லென்ஸ் துவாரத்தின் அளவு), 1/200 நொடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 400 (ஒளியுணர்திறன்) என்று வைக்கிறேன். குருவி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட இறகின் வரிகள் பிரிந்து தெரிவதில்லை. நல்ல வெளிச்சத்திலும் பாலாடை படிந்தாற்போல் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தாலோ அத்தனையும் பறந்துவிடுகின்றன. லென்ஸை மாற்ற வேண்டுமா?

முதல் பதில்:
அவசரப்பட வேண்டாம். பறவைகள் இல்லாத நேரத்தில் காமிராவை முக்காலியில் நிறுத்தி, தட்டின் விளிம்பைக் கண்ணாடி வழியாக ஒரு முறையும் ஜன்னலைத் திறந்து ஒரு முறையும் எடுத்து, இரண்டையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். பழைய படங்களையும் கவனியுங்கள்: தானியம் துலக்கமாக இருந்து குருவியின் கண் மட்டும் மங்கியிருந்தால், ஃபோகஸ் தட்டைப் பிடித்திருக்கும், அல்லது குருவி தலையைத் திருப்பியிருக்கும், எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம். எப்படியிருந்தாலும் கொத்தித் தின்னும் குருவிக்கு 1/200 போதாது. 1/1000 வையுங்கள், அதற்கு ஐஎஸ்ஓ 2000 தேவைப்படும். அதனால் வரும் நாய்ஸை (மணல் தூவினாற்போன்ற புள்ளிகளை) பின்னர் குறைத்துக்கொள்ளலாம், கலைந்துபோன இறகை மீட்க முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன். திறந்த ஜன்னலில் விளிம்பு தெளிவாக இருக்கிறது. கண்ணாடி வழியே அதே விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிகிறது. ஜன்னலில் இரண்டு அடுக்குக் கண்ணாடி உள்ளது. குருவிகள் என்னைப் பார்க்காதபடி அறையின் மூலையிலிருந்து சாய்வாக எடுக்கிறேன்.

முதல் பதிலளித்தவர்:
அப்படியானால் லென்ஸில் பழுதில்லை. சாய்வாக நுழையும் ஒளி இரு கண்ணாடிகளுக்கிடையே எதிரொளித்து, சற்றுத் தள்ளி இன்னொரு பிம்பத்தை உண்டாக்குகிறது. கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று, லென்ஸின் முகப்பு அதை ஏறக்குறையத் தொடும்படி வையுங்கள். அறை விளக்கை அணைத்து, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பால்மூடலும் குறையும், குருவிகளும் உங்களைக் கவனிக்கமாட்டா.

இன்னொருவர்:
படத்தைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜன்னலிலிருந்து 4 மீட்டர் என்பது பறவைகளுக்கு ஆபத்தான தொலைவு. மிரண்டு கிளம்பும் குருவி கண்ணாடியில் மோதுவதற்குள் முழு வேகம் எடுத்துவிடும். 1 மீட்டருக்குள் வைத்தால் மோதினாலும் அடி பலமாக இராது. ஆனால் அவ்வளவு அருகில் உங்கள் லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. ஆகவே தட்டு அங்கேயே இருக்கட்டும்; கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் 5 செ.மீ. இடைவெளியில் சிறு புள்ளிகளை ஒட்டிவிடுங்கள். லென்ஸை ஒட்டியுள்ள புள்ளிகள் கரைந்துபோவதால் படத்தில் விழமாட்டா.

அத்துடன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். இடத்துக்காகக் காத்திருக்கும் குருவிகள் அதில்தான் உட்காரும். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் உள்ள) காமிராவாக இருந்தால், நீங்கள் சொன்ன அளவுகளில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. கிளையை ஜன்னலுக்கு இணையாக வைத்தால் குருவி பக்கவாட்டில் திரும்பி உட்காரும்போது கண்ணும் சிறகும் வாலும் ஏறக்குறைய அந்த ஆழத்துக்குள் அடங்கும்; ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள்.